ஊதா மூடிக் குழாய்

ஆய்வகச் சான்றிதழ்த் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் எந்திரத்தின் மேல் மெர்லினுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மறுபடியும் அதே கேள்வி.

“நோயாளி டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் ரத்தத்தில் பொட்டாசியம் பதினான்கு என்கிறது கருவி. என்ன செய்வீர்கள்?”

“அவ்வளவு இருந்தா ஆள் உயிரோட இருக்க முடியாது. சிவப்பு மூடிக் குழாய்ல ரத்தம் பத்தலன்னு எவனோ ஊதா மூடிக் குழாய்லேருந்து ஊத்தியிருக்கான். அதுல ரத்தம் உறையாம இருக்கப் போட்டிருக்கிற மருந்துலயே பொட்டாசியம் இருக்கு, அதான் இப்படிக் காட்டுது. திரும்ப எடுப்பேன்.”

“தவறு. கருவி பொய் சொல்லாது. இறப்பைப் பதிவுசெய்ய வேண்டும்.”

“டீ குடிக்கிறவருக்கா?”

“ஆம்.”

இந்த அறிவுக்கொழுந்திடம் மல்லுக்கட்டினால் வேலை கிடைத்த மாதிரிதான். மெர்லின் அதன் விடையையே மனப்பாடம் செய்து, கூடப் படித்த ரஷீதாவுக்கும் சொல்லிக்கொடுத்தாள். இருவரும் தேறினார்கள்.

வேலையில் சேர்ந்த அன்று ஊழியர்களுக்கு ரத்தப் பரிசோதனை. மெர்லினுக்கு ரஷீதாதான் ரத்தம் எடுத்தாள். சற்று நேரத்தில் கருவி பொட்டாசியம் பதினான்கு என்றது.

“என்னடி செஞ்ச?”

“சிவப்புல பத்தலக்கா. ஊதாவிலேருந்து கொஞ்சம் ஊத்திட்டேன்.”

“அப்ப திரும்ப எடு.”

ரஷீதா இறப்புப் பதிவுப் பொத்தானின் மேல் விரலை வைத்தபடி, மெர்லின் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

“டீயக் குடிச்சிருங்கக்கா. அப்புறம் அழுத்துறேன்.”