பச்சைச் சீட்டு

மண்டபத்தில் எல்லோர் கையிலும் இரண்டு சீட்டுகள் இருந்தன. ஆலையின் கொள்கையை நம்பினால் பச்சை, நம்பாவிட்டால் சிவப்பு.

மேடையில் அதை வாசித்துக்கொண்டிருந்தது என் அண்ணன். ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி அவன்தான். பின்னால் ஒரு பதாகை, அது முழுக்க இலைகள்.

"இயற்கையே எங்கள் முதல் பங்குதாரர்" என்றபோது எங்கள் தெரு கொட்டாவி விட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று யாருக்குத் தெரியாது? ஆலைக் கழிவு இறங்கிக் குழாய்த் தண்ணீர் கெட்டுவிட்டதா, அதுதான் தெருவுக்குத் தெரியவேண்டும்.

கடைசி வரிக்கு வந்தான். "எங்கள் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரைத்தான் உங்கள் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்."

கொட்டாவி நின்றது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

கூடப்பிறந்தவளுக்கே நஞ்சைக் கொடுப்பானா என்பது தெருவின் கணக்கு. என் கணக்கும் அதுதான். போன மாதம் மகளுக்கு வயிறு சரியில்லாதபோது அவனைத்தான் கேட்டேன். தண்ணீரெல்லாம் சுத்தம், கண்டதையும் தின்றிருப்பாள் என்று சிரித்தான். நானும் அவளைத்தான் திட்டினேன்.

எழுந்து போய்ப் பச்சையைப் பெட்டியில் போட்டேன். எனக்குப் பின்னால் தெருவே வரிசை கட்டியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதே பெருமையோடு, தாகம் என்று சிணுங்கிய இரண்டு பிள்ளைகளையும் மண்டப வாசல் குழாய்க்குக் கூட்டி வந்தேன். என் மகள் ஓடிப்போய்க் கைகளைக் குவித்தாள். அண்ணன் மகள் தள்ளியே நின்றாள். உதடு காய்ந்திருந்தது.

"நீயும் குடி செல்லம்" என்றேன்.

"கொழாத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காங்க அத்தை. எங்க வீட்ல பல்லு வெளக்குறதுகூட கேன் தண்ணிலதான்." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

என்னிடம். ஒரே தட்டில் என்னோடு சோறு தின்று வளர்ந்தவன்.

உள்ளே கைதட்டல் ஓயவில்லை. பாய்ந்துபோய் என் மகளின் கையைத் தட்டிவிட்டேன். தண்ணீர் சிதறியது.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"ஏம்மா? தெனமும் இதத்தானே குடிக்கிறேன்."