நடுத்திட்டுத் தோணி

நாலு பேர் தூக்கிவந்த பாடையைத் துறையில் இறக்கியதும், தோணியில் நின்ற குற்றாலிங்கம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். பாடையில் கிடந்தவள் பிச்சுமணியின் பெண்டாட்டி மாடத்தி.

காலையில் அவள் கட்டிலில் கிடந்தாள். காய்ச்சலில் நினைவு தப்பிவிட்டது, தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பிச்சுமணி இதே துறையில் கும்பிட்டு நின்றான்.

"கட்டிலும் தூக்குத ஆளுமா எட்டாளு எடம் போயிரும்லே. எட்டாளு கூலிய வச்சிட்டு ஏறு" என்று சொல்லிவிட்டுக் குற்றாலிங்கம் ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துத் தோணியை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

துறையை ஏலத்தில் எடுத்தவன் அவன். சாரல் காலத்தில் சிற்றாறு இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டால் நடுத்திட்டு ஜனங்களுக்கு அந்தத் தோணியை விட்டால் வழி கிடையாது. தண்ணீர் ஏற ஏறக் கூலியும் ஏறும். பாடைக்கும் அதைத் தூக்கி வருகிறவர்களுக்கும் மட்டும் அவன் கூலி வாங்குவதில்லை. சுடுகாடு தென்காசிக் கரையில்தான் இருந்தது.

இப்போது பிச்சுமணியின் முகத்தைப் பார்க்கக் கூசியது. தோணியின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டே, "ஏறுங்கலே" என்றான்.

ஏற்கெனவே உட்கார்ந்திருந்த வெளியூர் வாழைக்காய் வியாபாரிகளில் ஆவுடைநாயகம் துள்ளி எழுந்தார். "பொணத்தோட எவன்வே வருவான்? மொதல்ல எங்களக் கொண்டு விடும். அவளுக்கு என்ன, ஐந்தருவியில குளிக்கப் போவ நேரமாவுதோ?"

மற்றவர்கள் சிரித்தார்கள்.

"வெரசா ஏத்துங்க அண்ணாச்சி" என்றான் பிச்சுமணி. குரல் உடைந்திருந்தது.

குற்றாலிங்கம் கூலி கொடுத்தவர்களையே முதலில் கொண்டுபோனான்.

"எப்படிவே செத்தா?" என்று வழியில் கேட்டார் ஆவுடைநாயகம்.

"காய்ச்சல்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவலையோ?"

குற்றாலிங்கம் கயிற்றை மட்டும் இழுத்தான்.

திரும்பி வந்தபோதும் சாரல் விடவில்லை. பிச்சுமணி பாடையருகே குத்தவைத்து, மாடத்தியின் முகத்துக்கு மேலே ஒரு சேம்பிலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். செத்தவள் மூஞ்சி நனையக்கூடப் பொறுக்காத மனுசன். குற்றாலிங்கம் தோணியைக் கரையோடு நெருக்கிப் பிடித்தான்.

பாடையை ஏற்றினார்கள். நடு ஆற்றுக்கு வந்த பிறகுதான் குற்றாலிங்கத்துக்கு வாய் வந்தது.

"காலைலயே ஏத்தியிருக்கணும்லே. எம் புத்தி பீயத் திங்கப் போயிட்டு."

"வெரசா இழுங்க அண்ணாச்சி" என்றான் பிச்சுமணி.

ஒரு வசவாவது வைதிருக்கலாம். உள்ளங்கைத் தோல் உரிய உரியக் குற்றாலிங்கம் இழுத்தான்.

கரை தட்டியதும் நாலு பேரும் பாடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓட்டமாக ஓடினார்கள். சுடுகாட்டுக்குப் பிரியும் வண்டிப்பாதையைத் தாண்டி, நேரே தென்காசி ரோட்டில் ஓடினார்கள்.

"ஏலே, எங்கன ஓடுதிய? சுடுகாட்டுக்கு இங்கனல்லா திரும்பணும்!"

முன்கம்பைப் பிடித்திருந்த பிச்சுமணி திரும்பிப் பார்க்காமலே கத்தினான்.

"அவ இன்னும் சாவல அண்ணாச்சி! சொன்னா ஏத்தியிருப்பியளா?"