பன்னிரண்டு சனல் மிக்சர்

"இந்தச் சின்னதைக் கொண்டுபோம். உமக்கு இது காணும்."

கடைக்காரர் சிவகுரு சொன்னதும் கிளின்ரனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"எனக்கு எது காணும் எண்டு நான்தானே ஐயா சொல்லோணும்?"

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் தீவிலுள்ள கரம்பொனில் தன் வீட்டு அறையையே ஒலிப்பதிவுக்கூடமாக்கி வைத்திருந்தான் கிளின்ரன். லண்டனிலிருந்து அக்கா அனுப்பிய சிந்தசைசர், ஒரு ரிதம் பெட்டி, பாடுகிறவர்களுக்கு மூன்று மைக். எல்லாவற்றையும் சேர்த்துப் பதிய மிக்சர் இல்லாமல், ஒரு வயரைக் கழட்டி மற்றதைக் கொழுவி, அரைப் பாட்டோடு நிற்கிறான். நத்தாருக்குள் மாதா கோயிலின் யேசு பிறப்புப் பாட்டுகளை முடித்தாக வேண்டும்.

2007. போரால் பாதை பூட்டிய காலம், வெளியிலிருந்து சாமான் வராது. யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியதில் இந்த ஒரு கடையில்தான் மிக்சர் இருந்தது. அதுவும் இரண்டே இரண்டு.

சின்னதில் நாலு சனல், நாலு வயர்தான் கொழுவலாம். சிந்தசைசரையும் ரிதம் பெட்டியையும் இரண்டிரண்டு வயராகக் கொழுவினாலே நிரம்பிவிடும், மைக்குக்கு இடமில்லை. பெரியதில் பன்னிரண்டு. ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம்.

"பெரிசைத் தாங்கோ."

சிவகுரு அவனை ஒருதரம் பார்த்தார். "சரி. காசைக் கட்டிப்போட்டுப் போம். பிறகு நானே கொண்டந்து தாறன்."

"ஏன், எனக்குக் கையில்லையோ?"

"நீர் கொண்டுபோக ஏலாது." பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தீவான் எண்டா என்னவும் செய்யலாம் எண்டு நினைப்போ?"

சிவகுரு விலாசத்தை எழுதச் சொல்லி ஒரு துண்டை நீட்டினார். வேறு கடையும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காசைக் கட்டினான் கிளின்ரன். பஸ்ஸில் கரம்பொன் வரும்வரை கொதி அடங்கவில்லை.

ஒரு கிழமை போனது. மிக்சர் வரவில்லை.

"வித்திட்டான் கள்ளக் கிழவன்!" மனைவி கிறிஸ்ரினாவிடம் கத்தினான். "டவுன்காரருக்கு நாங்கள் மனிசரே இல்லை. நாளைக்குக் கடை வாசல்ல நிண்டு நாலு சனத்துக்கு முன்னால கேக்கிறன்!"

மறுநாள் காலை அவன் படலையைத் திறக்க, எதிரே ஓட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே சிவகுரு, மடியில் பெட்டி.

"என்ன ஐயா, கூடின விலைக்கு ஆள் கிடைக்கேல்லையோ?"

சிவகுரு மெல்ல இறங்கினார். உதடு வீங்கியிருந்தது. இடதுகை கழுத்திலிருந்து துணிக்கட்டில் தொங்கியது.

ஓடிவந்த கிறிஸ்ரினா, "ஐயோ, என்ன ஐயா நடந்தது?" என்றாள்.

"ஆமிச் சோதனையில மறிச்சு வைச்சிட்டாங்கள் பிள்ளை. இவ்வளவு பட்டனோட இது ஆரோட கதைக்கிற மெசின் எண்டு கேட்டு... கழட்டிப் பாத்திட்டுத்தான் விட்டவங்கள். திரும்பப் பூட்டிப் பாத்தனான். பன்னிரண்டும் வேலை செய்யுது."

கிளின்ரன் படலையை விட்டு ஓட்டோவருகே வந்தான்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா..."

"சொன்னா என்னைக் கொண்டுவர விட்டிருப்பீரோ?" ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார் சிவகுரு. "நான் கிழவன் தம்பி, அடிச்சதோட விட்டிட்டாங்கள். உம்மட வயசுக்காரரை விடமாட்டாங்கள்."