சாயங்காலக் கீரை

அவன் பையிலிருந்து சிறுகீரைக் கட்டை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தான். வைத்தான் என்பதைவிட, விட்டுவிட்டுப் போனான்.

அவள் கீரையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். வெயில் எதிர்வீட்டு மாடியைத் தாண்டிவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் யாராவது கீரை வாங்குவார்களா?

கேட்க முடியாது. கேட்டால் பேசியதாகிவிடும்.

புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்று நாளாகிவிட்டது. அவளுடைய அண்ணன் கட்டிய புது வீட்டின் பால்காய்ப்பில் நின்றது. முதல் பந்திக்கு அண்ணன் பெண்டாட்டியான மதினி இளைய மாப்பிள்ளையை வருந்தி வருந்தி அழைத்துப் போய் உட்கார வைத்தாள். மூத்த மாப்பிள்ளையான இவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது ஆளைக் காணோம். அவள் ஷேர் ஆட்டோ பிடித்துத் தனியாக வந்து சேர்ந்தாள்.

விசேஷ வீட்டில் கை நனைக்காமல் வந்த ஆளோடு என்ன பேச்சு என்று அவள் இருந்தாள். சாப்பிடக் கூப்பிடாத வீட்டுப் பெண்ணோடு என்ன பேச்சு என்று அவன் இருந்தான்.

பால்காய்ப்பு வளர்பிறையில். இப்போது அமாவாசை நெருங்கிவிட்டது.

வீம்பு ஒரு பக்கம் இருக்கட்டும். வீடு வெறிச்சென்று கிடந்தது. அவளுக்கு அவன் குரல் வேண்டியிருந்தது. அண்ணனும் வேண்டியிருந்தது. தீபாவளிக்கு அங்கே எப்படிப் போவது என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இத்தனை நாளும் அவன் விவரமாகத்தான் காய் வாங்கினான். சேனைக்கிழங்கு. பூசணி. சின்ன வெங்காயம். எத்தனை நாள் கிடந்தாலும் ஏன் என்று கேட்காத சாமான்கள். ஃப்ரிட்ஜ் வேறு ஓடவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பேசியதாகிவிடும். அதனால் அதுவும் கம்மென்று நின்றது.

இப்போது போய்க் கீரை.

ராத்திரியில் கீரை சமைக்கிற வழக்கம் அவள் வீட்டிலும் இல்லை, அவன் வீட்டிலும் இல்லை. இந்தப் புழுக்கத்தில் காலை வரை வைத்தால் அழுகிவிடும்.

அதுவும் சாயங்காலக் கீரை. அவளுக்குத் தெரியாதா? மத்தியானமெல்லாம் வெயிலில் வதங்கி, தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சொதசொதவென்று ஆகியிருக்கும். பிரித்தால் நடுவில் இலையெல்லாம் மஞ்சள் பூத்திருக்கும். யாரோ தலையில் கட்டியிருப்பார்கள். இந்த மனுஷனும் வாய் திறக்காமல் வாங்கி வந்திருப்பான்.

ஈரத்துணியில் சுற்றியாவது வைப்போம் என்று கட்டைப் பிரித்தாள்.

இலை குளிர்ந்திருந்தது.

ஒரு தண்டை ஒடித்தாள். மடக்கென்று ஒடிந்தது.

தண்ணீர் தெளித்த தடமே இல்லை. ஆனாலும் இலைகள் விறைப்பாக நின்றன. பிடுங்கி வெகுநேரம் ஆகியிருக்காது.

வேரைத் திருப்பிப் பார்த்தாள். மண் ஒட்டியிருந்தது. இன்னும் ஈரம்.

சிவப்பு.

ஊருக்குள் எங்கே தோண்டினாலும் கரிசல்தான். மேற்கே ரயில்வே கேட்டைத் தாண்டினால் செம்மண். அங்கேதான் அண்ணனின் புது வீடு. பால்காய்ப்பு அன்று கிணற்றடியில் ஒரு பாத்தி நிறையச் சிறுகீரை விரல் உயரத்துக்கு நின்றதை அவளே பார்த்திருந்தாள்.

மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

போயிருக்கிறான்.

போயிருப்பானா? அந்தப் பக்கம் வேறு தோட்டமே இல்லையா என்ன? அப்படியே போயிருந்தாலும், வாசலோடு நின்று, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்புகிற ஆள்தான். வாசலோடு திரும்பினால் அது போனதாகவே சேர்த்தி இல்லை. அந்த வீட்டில் சாப்பிட்டானா? அது தெரிந்தால் போதும் அவளுக்கு.

கேட்டுவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. வீம்பு அதையும் விழுங்கிவிட்டது.

முறத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தாள். பழுத்த இலை என்று ஒன்றுகூட அகப்படவில்லை. வழக்கமாவது ஒன்றாவது என்று விளக்கைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பூண்டைத் தட்டினாள். மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டாள். கீரை பச்சை மாறாமல் வெந்தது. தான் ஏதோ பாட்டை முணுமுணுக்கிறோம் என்பது அவளுக்கே பாதியில்தான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. நிறுத்தவில்லை.

வாசனை உள்ளே வரை போயிருக்க வேண்டும். உள்ளறையில் பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது.

அவன் வந்து உட்கார்ந்தான். கீரை என்றால் சோற்றை மறந்துவிடுகிற ஆள். அவள் தட்டில் மலையாகக் குவித்தாள். அடுத்த கரண்டியையும் அள்ளினாள்.

அவன் பதறிப்போய்த் தட்டின் மேல் கையை விரித்தான்.

"போதும், போதும். அங்க உன் மதினி இலைய விட்டு எந்திரிக்க விட்டாத்தான?"

பேசிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அவன் கையைப் பிடித்து விலக்கினாள். அந்தக் கரண்டியையும் வைத்தாள்.