ஜாதிக்காய்ப் பொட்டு

முப்பது வருடம் கழித்து ஜெயசீலி வெளிநாட்டிலிருந்து வருகிறாள் என்றதும், புஷ்பலீலா முகத்துக்குச் சிவப்பு ஒளி பாய்ச்சும் முகமூடி ஒன்றை வாங்கினாள். பள்ளிக்கூடத்துத் தோழி தன்னைக் கிழவியாகப் பார்த்துவிடக் கூடாது. சுருக்கம் போகும் என்று நம்பி மாட்டிக்கொண்டவளுக்குச் சில நாளிலேயே தாடையெல்லாம் பருக்கள்.

"தேங்காண்ணெயத் தேச்சுக்கிட்டாம்மா மாட்டுனீங்க?" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சின்னப் பிள்ளையில இருந்து தேய்க்கேன். அது என்னட்டி செய்யும்?"

தோலுக்குள் ஊறும் எண்ணெய் நுண்துளைகள் வழியே வெளியே வந்தாக வேண்டும். மேலே தேங்காயெண்ணெய் பூசி, முகமூடியை இறுக்கி வெதுவெதுப்பாக வைத்தால் அந்த வாசல் அடைபடும். அடைபட்ட இடம் வீங்கும். பதினாறு வயதில் உடம்பு தானாகச் செய்ததை இப்போது அவளே செய்துகொண்டாள்.

அழைப்புமணி அடித்தது. முந்தானையால் தாடையை மூடிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"பல்லு வலியாட்டி?" என்று நரைத்த தலையோடு நின்ற ஜெயசீலி முந்தானையை விலக்கினாள். பருக்களைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுக்களைக்குப் போனாள்.

"ஜாதிக்காய எங்கட்டி வச்சிருக்க?"

பாலில் உரைத்த விழுதை மோதிரவிரலில் எடுத்து வந்தாள். பதினாறு வயதில் பள்ளி விடுதி மாடிப்படியில் செய்ததுபோலவே புஷ்பலீலா, யாரும் சொல்லாமல், வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பருவக் கிள்ளுனியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. ஆடாம இரு."