இடம் இரண்டு

“சனத்தைக் கேக்கிற வேலையை எடுத்துவிட்டால் சிவப்புக் கோடு கட்டையாகும், சேர்,” என்றாள் பிரேமிளா.

பயிற்சியாளர் கதிர்காமநாதன் அவளுடைய கொம்பியூட்டர் திரையை எட்டிப் பார்த்தார். ஒரு திட்டத்தில் எந்த வேலை முதலில், எது பிறகு என்று கோடு போட்டுக் காட்டும் மென்பொருள் அது. எந்த வேலை பிந்தினால் எல்லாமே பிந்துமோ, அதைச் சிவப்பில் காட்டும். கொழும்பிலிருந்து வந்த தொண்டு நிறுவனம் ஒன்று வவுனியாவில் அதைப் பழக்கியது. கடைசிப் பயிற்சியில் முதலாவதாக வருபவருக்கு அங்கேயே வேலை என்றும் சொல்லியிருந்தார்கள்.

கரும்பலகையில் அந்தக் கடைசிப் பயிற்சி எழுதியிருந்தது. ஓர் அகதி முகாமை ‘இடம் ஒன்று’ என்ற இடத்திலிருந்து ‘இடம் இரண்டு’ என்ற இடத்துக்கு மாற்ற வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்?

“போகப்போற சனத்தை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமோ?” என்றான் பக்கத்துக் கதிரையில் இருந்த ஜனகன்.

“கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்லுவினம். ரெண்டு கிழமை அதிலயே போயிடும். கேட்டாலும் கேக்காட்டிலும் ஏத்தத்தானே போறியள்?”

கொஞ்சம் சூடாகத்தான் சொன்னாள். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டியபோதும் சரி, கிளிநொச்சியில் ஷெல் விழுந்து ஓடியபோதும் சரி, அவளுடைய அப்பா வீரையாவை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாலு வருடமாக இருவரும் வவுனியா முகாம் ஒன்றின் தகரக் கொட்டகையில்தான் கிடந்தார்கள். வகுப்பில் அது ஒருவருக்கும் தெரியாது. முகாம் ஆட்களைச் சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து, டவுனில் தெரிந்தவர் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தாள்.

“கிணறு வெட்ட முதலே சனத்தை அனுப்பியிருக்கிறீர், பிள்ளை?”

“கிணறு பிறகு வெட்டலாம் சேர். அதுவரைக்கும் தண்ணி பவுசர் லொறியில கொண்டுபோய்க் குடுக்கலாம்.”

“எந்த வரிசையை முதல் ஏத்துவீர்?”

“வாசலடி வரிசையை. லொறி உள்ளுக்குப் போய்த் திரும்பத் தேவையில்லை. நடக்கேலாத ஆக்களை வாசலடியிலதான் வைச்சிருப்பினம். அவையை ஏத்தி முடிச்சால் பிறகு சுணக்கமில்லை.”

“முகாமுக்குள்ள இருந்து பாத்த மாதிரிச் சொல்லுறீர்,” என்று அவர் சிரித்தார். பிரேமிளா குனிந்து விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டாள்.

“இந்த இடம் இரண்டு எங்க சேர்?” என்று ஜனகன் விடவில்லை. “காடோ வெளியோ தெரிஞ்சால்தானே கணக்குப் பாக்கலாம்.”

“பயிற்சிக்கு ஏனப்பா ஊரும் பேரும்?”

பிரேமிளாவுக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை. அவளுக்கு வேலை வேண்டும். மற்றவர்களின் திட்டங்கள் மூன்று மாதம் இழுத்தன. அவளுடையது ஒரு மாதத்துக்குள் முடிந்தது.

அன்று பின்னேரம் முகாமுக்குள் காலடி வைத்ததும் அவளுடைய பேச்சு அப்பாவின் பேச்சாக மாறியது.

“நான்தான் முதலாவது, அப்பா. வேலை கெடச்சிருச்சு. டவுன்ல ஒரு ரூம் எடுத்து உங்கள இங்கேருந்து கூட்டிட்டுப் போயிருவேன்.”

வீரையா வாசலடிக் கொட்டகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஷெல் துண்டு பட்ட கால். இந்த முகாமுக்குக் கொண்டுவந்த லொறிப் பயணத்தில்தான் அது புண்ணாகிப் புழு வைத்தது.

“கூட்டிட்டுப் போ, தாயி. லொறியில மட்டும் ஏத்திராத. இன்னொரு தடவ ஏறினா நான் உசுரோட எறங்க மாட்டேன்.”

“லொறி எதுக்குப்பா? ஆட்டோல ராசா மாதிரி போகலாம்.”

வீரையா சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே கதிர்காமநாதன் அவளை நிறுவனத்தின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டார். விடியவே வெளியே போகும் பாஸ் எடுத்துக்கொண்டு முகாமை விட்டு வந்தவள், அறை பார்ப்பதைப் பற்றியே வழியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தாள். டவுனில் ஒரு வீட்டுக்காரி பின்னேரம் வரச் சொல்லியிருந்தாள்.

“உம்மட திட்டத்தைக் கொழும்பு அப்பிடியே எடுத்திட்டுது, பிள்ளை. ஒரு எழுத்தும் மாத்தேல்ல.”

“எதை, சேர்?”

“அந்தக் கடைசிப் பயிற்சியைத்தான். எங்களுக்கும் ஒரு நல்ல திட்டம் தேவைப்பட்டது. சனத்தைக் கேக்காமல், சொல்லாமல் விட்டதும் நல்லதாப் போச்சு. ஒரு குழப்பமுமில்லை.”

வான் நின்றது. அவள் இறங்கியது தன்னுடைய முகாம் வாசலில். வரிசையாக லொறிகள். கத்திக் குழறுகிற பெண்கள். தகரங்களைக் கழற்றும் சத்தம். வாசலடியில் முதல் லொறிக்கு இரண்டு பேர் ஒரு கிழவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலில் கட்டு. வீரையா.

மகளைக் கண்டதும் அவருடைய முகம் தெளிந்தது. அவளுடைய கழுத்தில் தொங்கிய நிறுவன அட்டையைப் பார்த்தார். இனிப் பயமில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

“வந்துட்டியா தாயி? இவங்ககிட்ட கேட்டுச் சொல்லு, எங்கள எங்க கொண்டு போறாங்கன்னு.”

“இடம் இரண்டுக்கு, அப்பா,” என்றாள் பிரேமிளா. அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது.