இன்னொரு ஜன்னல்

“இந்த ஜன்னலை அடைச்சுட்டு அந்தப் பக்கம் எடுங்க மேஸ்திரி” என்றாள் மாயக்காள்.

உக்கிரபாண்டி கையிலிருந்த பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தார். கிழக்கே இருந்த ஜன்னலைப் போன வாரம்தான் வடக்கே மாற்றச் சொன்னாள். அதன் பூச்சே இன்னும் காயவில்லை.

“ஆத்தா, சிமெண்ட்டு பெர்மிட்டுல வாங்குனது. தாலுகா ஆபீசுக்கு நடையா நடந்து கொண்டாந்திருக்கேன். இடிச்சு இடிச்சுக் கட்டுறதுக்கா?”

“காத்து வரலையே. மலைக்குளிர்ல இருந்து பழகுனவன் எம்மகன். அவனுக்குப் புழுக்கம் ஆகாது.”

உக்கிரபாண்டி தேவாரம் ஊர்க்காரர். பழைய வீடுகளைப் பிரித்துப் புதுசாக எடுத்துக் கட்டுவது அவர் தொழில். நெல் மூட்டை அடுக்கியிருந்த பின்னறையை, மகனும் வரப்போகும் மருமகளும் இருக்கிற மாதிரி மாற்ற வேண்டும் என்று போடியிலிருந்து மாயக்காளின் கணவர் ராக்கையா அவருக்கு ஆள் விட்டிருந்தார். மகன் பிச்சைமணி போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். அறை முடிந்ததும் அவன் இறங்கி வருவான், பிறகு பெண் பார்ப்பது என்று பேச்சு.

ஆரம்பத்தில் “வெரசா முடிங்க” என்று விரட்டியவள்தான் மாயக்காள். ஆடி மழைக்கு வேலையை நிறுத்திவிட்டு உக்கிரபாண்டி ஊருக்குப் போய் வருவதற்குள் ஆள் மாறிப்போயிருந்தாள். பதித்த தரை பிடிக்கவில்லை என்றாள். அலமாரியைப் பெயர்க்கச் சொன்னாள். நிலைவாசல் குனிந்து நுழைகிற மாதிரி இருக்கிறது, ஏற்றி வை என்றாள்.

“வசதி இருந்தா இப்பிடித்தான் ஆடச் சொல்லும்” என்றார் உக்கிரபாண்டி, உடைந்த செங்கல்லை அள்ளிக்கொண்டிருந்த சித்தாள் இருளம்மாளிடம். உள்ளூர்க்காரியான அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பொறுக்க முடியாமல் ராக்கையாவிடம் போனார். இரண்டு தரம் நெஞ்சுவலி வந்து, எழுந்து நடமாடக் கூடாது என்று மதுரை டாக்டர் படுக்கவைத்த மனிதர். தெருப் பக்கத்து அறையில் கட்டிலோடு கிடந்தார்.

“நீங்களாச்சும் ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா.”

“அவ சொல்றபடி செஞ்சுரு அப்பு.”

“இப்பிடியே போனா தம்பி எப்ப வந்து குடியேறுறது?”

ராக்கையா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். “சுண்ணாம்பு ஊறப் போட்டியா?” என்று மட்டும் கேட்டார். நோயாளியை மேற்கொண்டு அலட்ட வேண்டாமென்று உக்கிரபாண்டி வந்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் சாமான்களைச் சாக்கில் கட்டினார்.

“எனக்கு வேற சோலி கெடக்கு ஆத்தா. மகனை வரச்சொல்லுங்க. அவரு பாத்து எப்பிடி வேணும்னு சொன்னா, ஒரே தடவையா முடிச்சுத் தர்றேன்.”

மாயக்காள் கட்டில் இருந்த அறையை ஒருமுறை பார்த்தாள். “இங்கிட்டு வாங்க” என்று கொல்லையில் மாட்டுக்கொட்டத்துக்கு அழைத்துப் போனாள்.

“அவன் வர மாட்டான் மேஸ்திரி. மழையில ஜீப்பு உருண்டுருச்சு. எந்தம்பிதான் அங்கனயே கொள்ளி வச்சான்.”

உக்கிரபாண்டி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

“இவருக்குச் சொல்லல. சொன்னா நெஞ்சு தாங்காதுன்னுட்டாரு டாக்டர். தெருவே எனக்காக வாயைக் கட்டிக்கிட்டு இருக்கு. வீட்டுல உக்காந்து ஒரு பாட்டம் அழக்கூட முடியல.” பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசினாள். “வீட்டு வேலை முடியல, அதான் அவன் இறங்கி வரலன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க முடிச்சுட்டுப் போயிட்டா நான் அவருக்கு என்ன பதில் சொல்லுவேன்?”

அவர் திரும்பிப் போய்ச் சாக்கைப் பிரித்தார். யாரும் சொல்லாமலே கடப்பாரையை எடுத்து, தான் வைத்த ஜன்னலைத் தானே பெயர்க்க ஆரம்பித்தார். கண்ணில் சுண்ணாம்பு விழுந்துவிட்டதா என்று இருளம்மாள் கேட்டாள். ஆமாம் என்று துண்டால் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் ராக்கையா கூப்பிட்டார். மாயக்காள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தாள்.

“கதவைச் சாத்திட்டு வா.”

சாத்திவிட்டுக் கட்டிலருகே நின்றார்.

“காலையில சத்தத்தையே காணோமே. நீ கிளம்பிட்டியோன்னு பயந்துட்டேன்.”

“இல்லய்யா. சாமான் ஒதுக்கிக்கிட்டு இருந்தேன்.” உக்கிரபாண்டி கைச் சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டார். “கவலைப்படாதீங்க. தம்பி வர்றதுக்குள்ள நல்லபடியா முடிச்சிருவோம்.”

ராக்கையா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“முடிச்சிராத. எதையாச்சும் இடிச்சுக் கட்டிக்கிட்டே இரு.”

“ஐயா…”

“தெருவுல பேசிட்டுப் போறது பூராம் எனக்கு இங்க கேக்கும் அப்பு.” அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. “பிள்ளை போனது எனக்குத் தெரியும்னு, அவளுக்குத் தெரிய வேணாம்.”